கால் மண்ணில் பட்ட பிறகு

தயாபரன் ஒரு வெள்ளைத் துவாயைக் குரங்காக மடித்துக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில், இலங்கையில் ஹாலிஎலைக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் அவனுடைய அம்மா ராசம்மாவைக் குழிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு அது தெரியாது. குரங்குக்கு, அந்தக் கப்பல் அறையில் தங்கியிருந்த கிழவியின் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுவிட்டு, அவள் சிரிப்பதற்காகக் காத்து நின்றான். அவளும் கைதட்டிச் சிரித்தாள். உல்லாசக் கப்பலில் அறை துப்புரவு செய்கிறவன் படுக்கை விரித்துக் கழிப்பறை கழுவினால் மட்டும் போதாது, போகும்போது துவாயில் ஒரு மிருகத்தையும் செய்துவைத்துவிட்டுப் போக வேண்டும். நேற்று யானை, அதற்கு முன்தினம் முயல். நாளைக்கு என்ன என்று கிழவி கேட்டாள். அது நாளைக்குத்தான் தெரியும் மேடம் என்றான். பிறகு அவள் வழக்கம்போல அவன் அம்மாவைப் பற்றி விசாரித்தாள். நெஞ்சில் சளி, பதுளை ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்திருக்கிறார்கள், இப்போது பரவாயில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக் கதவைத் தட்டப் போனான்.

கப்பல் ஸ்பெயின் கரையை விட்டு அமெரிக்கப் பக்கத்துத் தீவுகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஐரோப்பாவில் குளிர் தொடங்கியதும் வருடத்துக்கு ஒரு முறை அப்படி ஒரு பயணம். இடையில் துறைமுகம் கிடையாது, தொட்டுக்கொள்ள ஒரு பாறைகூடக் கிடையாது. கரை தொடாத இந்த நாட்களுக்குக் கப்பல்காரர்கள் கடல் நாள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு கடல் நாள் என்றால் பயணிகளுக்கு ஓய்வு. வரிசையாக அடுக்கி வந்தால் கிறுக்கு. முதல் இரண்டு நாள் நீலக் கடலைப் பார்த்து ஆகா என்பார்கள். அதற்குப் பிறகு மேல்தளத்தில் சாய்வு நாற்காலிக்கு அடித்துக்கொள்வார்கள், நடனம் பழகுவார்கள், சீட்டாடுவார்கள், பொழுது போகாமல் திரும்பத் திரும்ப அறைக்கு வந்து படுத்து, விரித்த படுக்கையை மறுபடி கலைத்துவைப்பார்கள். கரை நாளில் அவர்கள் இறங்கிப் போனால் வேலைக்காரனுக்கு மூச்சு விட ஒரு மத்தியானம் கிடைக்கும். கடல் நாளில் அதுவும் இல்லை. போதாததற்கு மேற்கே போகப் போக அநேக இராத்திரிகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள். பயணிகளுக்கு அது கூடுதல் தூக்கம், அவர்களுக்குப் பின்னால் துடைத்துக்கொண்டு போகிறவனுக்குக் கூடுதல் வேலை. காலம்கூடக் காசு கொடுத்தவன் பக்கம்தான் சாயும்.

வேலைக்காரர்கள் படுப்பது கீழே, கடல் மட்டத்துக்கும் கீழே. ஜன்னல் இல்லாத காம்பராக்கள் வரிசை வரிசையாக இருக்கும், ஒன்றில் இருவர். முதல் நாள் அதைப் பார்த்தபோது தயாபரனுக்குச் சிரிப்பு வந்தது. தோட்டத்து ஒற்றையறை லயத்தை விட்டுத் தப்பிக்க இவ்வளவு தூரம் வந்தவனை, லயம் அவனுக்கு முன்னால் வந்து பாய் விரித்து வைத்திருந்தது. காலையில் மேற்பார்வையாளன், தோட்டத்துப் பெரட்டில் போலவே, எல்லோரையும் நிற்கவைத்துப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பான். "பெரட்டுக் களம் இங்கயும் ஈக்கி பாத்தியா?" என்று ஜஸீல் கேலி செய்வான். ஜஸீல் பதுளை டவுன்காரன், கப்பல் சமையலறையில் மரக்கறி வெட்டுகிறவன். வாப்பாவுக்குப் பதுளையில் துணிக்கடை. அந்தப் பெரிய கப்பலில் தயாபரன் தமிழில் பேசக்கூடிய ஒரே ஆள் அவன்தான்.

அன்று மத்தியானச் சாப்பாட்டு மேசையில்தான் தயாபரன் கப்பல் இணையத்தில் முகநூலைத் திறந்தான். மேலே நகர்த்திக்கொண்டே போனவனின் விரல் ஓரிடத்தில் நின்றது. தோட்டத்து இளைஞர் கழகத்துப் பக்கத்தில் கண்ணீர் அஞ்சலி. பூச்சரம், எரியும் குத்துவிளக்கு, நடுவில் அம்மா. அது அவனுடைய கல்யாணப் படம். அவனை வெட்டி எடுத்துவிட்டு அம்மாவை மட்டும் வைத்திருந்தார்கள். அவன் போட்டிருந்த மாலையின் ஓரம் மட்டும் அம்மாவின் தோளில் ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே இன்னொரு படத்தில் அவன் தம்பி கிருஷ்ணராஜ் மொட்டைத் தலையோடு தோளில் குடம் வைத்துக்கொண்டு நின்றான். அதற்குப் பின்னால் கூந்தல் அவிழ்ந்து, இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்திருக்க, தயாபரனின் மனைவி நிஷாந்தினி.

படத்துக்குக் கீழே யாரோ கேட்டிருந்தார்கள்: "தயா அண்ணனுக்குச் சொல்லியாச்சா?" கிருஷ்ணராஜ் பதில் எழுதியிருந்தான்: "இன்னும் இல்ல. கப்பல் கரைக்கு வந்தபெறகு மாமா சொல்லுவாரு. யாரும் அண்ணன டேக் பண்ண வேணாம் ப்ளீஸ்." அதற்குக் கீழே ஆளுக்காள் கைகூப்பும் பொம்மை போட்டு ஒப்புக்கொண்டிருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவர்கள் பூசணிக்காயைச் சோற்றின் மேலேயே வைத்துவிட்டு, யாரும் பார்க்காதீர்கள் என்று போர்டும் எழுதி மாட்டியிருந்தார்கள்.

மாமா என்றால் இராமையா, அம்மாவின் தம்பி. தோட்டத்தில் எங்கே சாவு விழுந்தாலும் கேதம் சொல்லப் போகிற ஆள் அவர்தான். அவருக்கு ஒரு முறை உண்டு. மலைத்தண்ணீர் விழும் பீலியில் குளித்துக்கொண்டிருப்பவளுக்குச் சொல்ல மாட்டார், மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பவளுக்கும் சொல்ல மாட்டார். வா என்று மட்டும் சொல்லி, சமமான தரைக்கு இறக்கிக்கொண்டு வந்து, கால் மண்ணில் ஊன்றி உட்காரவைத்து, ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவைத்து, அதற்குப் பிறகுதான் சொல்லுவார். முன்பொரு காலத்தில் செய்தி கேட்ட ஒருத்தி கூடையோடு சரிவில் உருண்டு போனாளாம். நிலத்தில் நிற்காதவனுக்குச் சாவு சொன்னால் அவனையும் அது இழுத்துக்கொள்ளும் என்பது அவர் தீர்ப்பு. மலைச் சரிவிலேயே சொல்லாத மனிதர், அத்லாந்திக் நடுவில் மிதக்கிற மருமகனுக்கு எப்படிச் சொல்லுவார்? அன்பால் செய்ததுதான். அதுதான் தயாபரனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் திட்டியாவது தீர்த்திருக்கலாம்.

அவன் துவாய்கள் அடுக்கும் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அழுகைக்காகக் காத்திருந்தான். ஆனால் வரவில்லை. தனக்கு இன்னும் யாரும் சொல்லவில்லையே என்று நினைத்தான். அவன் மூத்த மகன். முதல் பிடி மண் அவன் போட்டிருக்க வேண்டியது. அது போயிற்று, கடல் நடுவில் இருப்பவன் அதற்கு ஆசைப்பட முடியாது. ஆனால் சொல்லியாவது இருக்கலாம். ஊரெல்லாம் படித்துவிட்டுக் கைகூப்பிக்கொண்டிருக்க, பெற்ற பிள்ளை திருடனைப் போல எட்டிப் பார்த்தா தெரிந்துகொள்ள வேண்டும்? மேற்பார்வையாளன் கூப்பிடும் சத்தம் கேட்டது. முகத்தைக் கழுவிவிட்டு மிச்ச அறைகளை முடிக்கப் போனான்.

வேலை முடிந்த இடைவேளையில் நிஷாந்தினிக்கு அழைத்தான். அவள் சொல்லிவிடுவாள் என்று நிச்சயமாக நம்பினான். மாமா ஆயிரம் சொல்லட்டும், தாலி கட்டியவனிடம் மறைக்க மாட்டாள்.

"என்னங்க, சாப்பிட்டீங்களா?" குரல் கரகரத்தது.

"சாப்பிட்டேன். அம்மா எப்படி இருக்காங்க?"

அவள் உண்மையைச் சொல்லிவிடக் கதவை அகலமாகத் திறந்து வைத்துவிட்டு நிற்பதாக நினைத்துக்கொண்டான். அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிற சத்தம் கேட்டது. சாவு வீட்டு நாற்காலிகள்.

"நல்லாருக்காங்க. இப்பத்தான் கஞ்சி குடிச்சிட்டுப் படுத்தாங்க."

"என்ன கஞ்சி?"

"ரவக் கஞ்சி."

"முழுசாக் குடிச்சாங்களா?"

"பாதி குடிச்சாங்க. வாய்க்கு ருசிக்கலைன்னாங்க." கொஞ்சம் நிறுத்தி, "தூங்குறாங்க, எழுப்பட்டுமா?" என்றும் கேட்டாள்.

வேண்டாம் என்றான். போனை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எழுப்பட்டுமா என்று கேட்டாளே, அந்தத் துணிச்சல் அவனைச் சுட்டது. எழுப்பு என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாள்? அடுத்த நாள் அதைத்தான் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று வன்மமாக நினைத்தான்.

அடுத்த நாள் அதைச் சொல்லவில்லை. வேறு விதமாகக் கேட்டான். இருமல் குறைந்ததா? இராத்திரி தூங்கினார்களா? யார் கால் பிடித்துவிட்டது? தான் அனுப்பிய கம்பளிப் போர்வையைப் போர்த்திக்கொள்கிறார்களா, இல்லை இன்னும் பிளாஸ்டிக் பைக்குள்ளேயே வைத்திருக்கிறார்களா? அந்தப் போர்வையை அவன் பார்த்திருந்தான். இரண்டாவது படத்தில், பாடைக்குக் கீழே நாலாக மடித்துப் போட்டிருந்தார்கள். "போத்திக்கிட்டுத்தான் இருக்காங்க" என்றாள் நிஷாந்தினி. ஒவ்வொரு கேள்விக்கும் அவளிடம் ஒரு பதில் இருந்தது. தடுக்கி விழுவாள் என்று பார்த்தான். அவள் விழவில்லை. ஒரு நாள், "இன்னைக்கு என்னைய மகளேன்னு கூப்பிட்டாங்க" என்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மா அவளை, ஏய், இந்தா, இங்க பாரு என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. எரிகிற வீட்டில் பிடுங்குகிறாள் என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுத்துப் பேச அம்மா இல்லை என்கிற தைரியம்.

வேலைக்காரர்களுக்கு ஒதுக்கிய சின்ன மேல்தளத்தில் ஜஸீலிடம் சொன்னான். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே கடல், ஒரு பறவைகூட இல்லை. ஜஸீல் படத்தைப் பார்த்தான், உதடு அசைய ஏதோ ஓதினான், கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டுக் கோபப்பட்டான்.

"உம்மா மௌத்தாகி ஈக்கிறாங்க. நீ என்னண்டா ஒவ்வொரு நாளும் கஞ்சி குடிச்சாங்களாண்டு கேக்கிறாய். தெரியும்டு சொல்லிப் போட்டு அழு மச்சான்."

"அவளாச் சொல்லட்டும்."

"அவ சொல்ல மாட்டா. வாக்குக் குடுத்து ஈப்பா. நீதான் அந்தப் புள்ளய வெச்சு வதைக்கிறாய்."

"நான் வதைக்கிறனா? என்னைய வச்சுத்தான் ஊரே கூத்தாடுது."

ஜஸீலுக்கு வேலை நேரம் வந்துவிட்டது. சமையலறைக்குத் திரும்பும்போது, "நான் ஒரு பேச்சுக்குச் சொல்லல்ல, நீ செய்றது பாவம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

பாவமோ புண்ணியமோ, தயாபரனால் நிறுத்த முடியவில்லை. அது எந்த நாளில் மாறியது என்று அவனுக்கே தெரியாது. கிழவியின் அறையில் துவாயை ஆமையாக மடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் அவள் வழக்கம்போல அம்மாவைக் கேட்டாள். அவளுக்கும் கடல் அலுத்திருந்தது. ஜன்னல் சீலையைக்கூட இழுத்து மூடிவிட்டாள். பார்க்க என்ன இருக்கிறது, நேற்றைய தண்ணீர்தான் இன்றைக்கும் என்றாள். வேலைக்காரப் பையனின் அம்மா கதை ஒன்றுதான் அவளுக்கு நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருந்தது. தயாபரன் வாயைத் திறந்தான். இன்று இட்லி கேட்டார்கள் மேடம், எழுந்து வாசல் இஸ்தோப்பு வரைக்கும் நடந்தார்கள், வெயிலில் உட்கார்ந்து தலை காய வைத்தார்கள் என்று சொன்னான். எல்லாம் முந்தின நாள் நிஷாந்தினி சொன்னவை. சொல்லச் சொல்ல அம்மா நடந்தாள். இஸ்தோப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு, இருமிவிட்டு, நரைத்த தலையை விரல்களால் கோதினாள். கிழவி சந்தோஷப்பட்டாள். அவனும் சந்தோஷப்பட்டான், அதுதான் வெட்கக்கேடு. அன்று முதல் அவன் நிஷாந்தினியைச் சோதிப்பதற்காகக் கேட்கவில்லை. பசித்தவன் சாப்பாட்டு நேரத்தைப் பார்ப்பது மாதிரி அந்த இடைவேளைக்காகக் காத்திருந்தான். பயணிகள் சீட்டாடியும் நடனம் பழகியும் அந்தக் கடலைத் தாண்டினார்கள். அவன் செத்துப்போன அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டித் தாண்டினான்.

ஆனால் அவள் குரல் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டு வந்தது. பதில் சொல்வதற்கு முன்னால் எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது. ஒரு நாள், "இன்னைக்கு ஒண்ணும் இல்லீங்க, அப்படியேதான் இருக்காங்க" என்று முடிக்கப் பார்த்தாள். "அப்படியேன்னா எப்படி? சாப்பிட்டாங்களா இல்லையா?" என்று அவன் அதட்டினான். "சாப்பிட்டாங்க" என்றாள். "என்ன?" என்றான். அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. பிறகு, "ரொட்டி" என்றாள். அவ்வளவு கடுமையாகக் கேட்டதற்காக அவன் தன்னையே வெறுத்தான். ஆனாலும் அன்றைக்கு அம்மா ரொட்டி தின்றாள்.

கப்பல் தீவைத் தொட்ட நாளில் வேலைக்காரர்களுக்கும் கொஞ்ச நேரம் இறங்க அனுமதி கிடைத்தது. பயணிகள் விடுதலையான ஆடுமாடுகளைப் போல நெருக்கிக்கொண்டு இறங்கினார்கள். தயாபரன் பக்கவழிப் படியால் இறங்கிச் சில அடிகூட நடந்திருக்க மாட்டான், போன் அடித்தது. கப்பல் எப்போது கரை தொடும் என்று அவன்தான் முன்பே சொல்லியிருந்தான். அங்கே சாயந்தரம், மலையிலிருந்து எல்லோரும் இறங்கியிருப்பார்கள். திரையில் இராமையா மாமா தோளில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் லயத்துச் சனம் முழுதும் நின்றது. கிருஷ்ணராஜின் மொட்டையில் முள் முள்ளாக மயிர் முளைத்திருந்தது. அதை மறைக்க வேண்டும் என்றுகூட அவர்களுக்குத் தோன்றவில்லை.

"தயா, காலு மண்ணுல இருக்கா?"

கீழே பார்த்தான். காரை போட்ட துறைமுகத் தளம், அதன்மேல் எண்ணெய்க் கறை. "இருக்கு மாமா."

"ஒக்காரு."

கப்பல் கயிறு கட்டும் இரும்புக் கட்டையில் உட்கார்ந்தான். "ஒக்காந்துட்டேன்."

"ஒரு வாய் தண்ணி குடி."

"குடிச்சிட்டேன்."

"மனசத் திடப்படுத்திக்கடா. அக்கா நம்மள விட்டுட்டுப் போயிருச்சு."

சொன்ன மறுகணம் பெண்கள் ஓவென்று குரலெடுத்தார்கள். அழுது தீர்த்தவர்கள் அவனுக்காக மறுபடி முதலிலிருந்து அழுதார்கள். மகனே, மலையேறி வளர்த்தவள் மண்ணுக்குப் போனாளே என்று ஒருத்தி ஒப்பாரி இழுத்தாள். எல்லோரும் அழுதுகொண்டே அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அவன் இத்தனை கடல் நாளும் காத்திருந்தான். சொல்லியாகிவிட்டது, இனி அழலாம். அழுகை வரவில்லை. முகத்தைக் கோணிப் பார்த்தான், அதுவும் சரியாக வரவில்லை.

"அழுதுருடா, அழுதுரு" என்றார் மாமா.

"புள்ளைக்கு நெஞ்சு அடைச்சிருச்சு போல" என்றது ஒரு குரல். நிஷாந்தினி முன்னால் வந்து போனை வாங்கிக்கொண்டாள். கூட்டத்தை விட்டு விலகிக் குசினிக்குள் போவது தெரிந்தது. போனை முகத்துக்கு நேரே பிடித்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவனை உற்றுப் பார்த்தாள்.

"ஒங்களுக்குத் தெரியும்."

அவன் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தான்.

"எப்ப இருந்து?"

"பொதைச்ச அன்னைக்கே."

அவள் உதடு ஏதோ கணக்குப் போடுவதுபோல் அசைந்தது. "அப்ப கஞ்சி முழுசாக் குடிச்சாங்களான்னு கேட்டது? போர்வையக் கேட்டது? தெரிஞ்சேதான் கேட்டீங்களா?"

"நீயாச் சொல்லுவன்னு பாத்தேன்."

"குழியடியில வச்சுச் சத்தியம் வாங்கிட்டாரு மாமா. நான் என்னா செய்ய?" அவள் குரல் உயரவில்லை. "ஒவ்வொரு தடவையும் போன வச்சிட்டு, பீலிக்குப் போயி வாயக் கழுவிட்டு வருவேன். செத்தவங்க பேரச் சொல்லிப் பொய் சொல்ற வாயின்னு கழுவுவேன். ஒங்களுக்காகத்தானேன்னு மனசத் தேத்திக்குவேன். ஒரு நாளு ஒண்ணும் வரலைன்னு நின்னப்ப அதட்டுனீங்களே."

"நிஷா, வெளையாட்டுக்குக் கேக்கல. நீ சொல்றப்ப அம்மா இருந்தாங்க."

அவள் அதைக் கேட்டாள். கேட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது. போனை அடுப்படித் திண்டில் மல்லாக்க வைத்துவிட்டாள். அவள் முகம் போய்க் கூரைத் தகரம் வந்தது.

அவன், நிஷா, நிஷா என்று இரண்டு தரம் கூப்பிட்டான். வெளியே பெண்கள் இன்னும் அவனுக்காக அழுதுகொண்டிருந்தார்கள், ஒப்பாரியில் அவன் பெயரும் வந்தது. போனை வைக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தபோது தோளில் ஒரு கை பட்டது. கிழவி. தலையில் ஓலைத் தொப்பி, கரை கண்ட சந்தோஷத்தில் முகமெல்லாம் சிவப்பு. அவன் கையிலிருந்த போனைப் பார்த்தாள். உள்ளேயிருந்து வந்த பெண் குரல்களைக் கேட்டாள். பாட்டு என்றுதான் நினைத்தாள் போல. அம்மாவா என்று கண்களை விரித்துக் கேட்டாள். அவன் தலை ஆடியது. ஆமாம் என்று ஆடியதா, இல்லை என்று ஆடியதா என்பது அவனுக்கே தெரியவில்லை.

கிழவி தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்து, திரைக்கு நேரே சிரித்தாள். பிறகு, புகையேறிக் கறுத்த அந்தத் தகரத்தைப் பார்த்து, குழந்தைக்கு ஆட்டுவதுபோல விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் கையசைத்தாள்.